ஒரு தட்டுக்கு ஒரு முட்டை

வந்தவர் மெனு அட்டையை விரித்து முதல் வரியைப் படிப்பதற்குள் ஒக்பாயின் கை வந்து அதை வாங்கிக்கொண்டுவிடும். "அதுல ஒண்ணும் இல்லீங்க. கவுன்சில்காரன் கேட்டான்னு அடிச்சு வெச்சது." அப்புறம் வந்தவரின் முகத்தையும் தோளையும் ஒரு தரம் அளந்துவிட்டுச் சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார். "அப்ரெஹெத், ரெண்டு பேரு. ஒருத்தருக்கு வயிறு சரியில்ல, காரத்தைக் குறைச்சுப் போடு." வயிறு சரியில்லாதது யாருக்கு என்று வந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டு வந்து இறங்கிவிடும்.

ஃபுட்ஸ்கிரே ஸ்டேஷனுக்குப் பின்புறத் தெருவில் எட்டு மேசை போட்ட எரித்திரியச் சாப்பாட்டுக் கடை. பலகையில் மனைவியின் பெயர்தான் இருக்கிறது. "பேரு அவளோடது, சட்டம் என்னோடது" என்பார் ஒக்பாய். சமைப்பது அப்ரெஹெத். மாவு புளிக்க வைப்பது அப்ரெஹெத். பாத்திரம் தேய்ப்பதும் அநேகமாக அப்ரெஹெத்தான். சட்டம் போடுகிற பெரும் பாரத்தை மட்டும் அவர் ஒற்றை ஆளாகச் சுமக்கிறார். கடை தொடங்குவதற்கு முன் மெல்பர்னில் பதினாலு வருடம் டிராம் ஓட்டியவர். ஏறின ஆள் எங்கே போக ஆசைப்படுகிறான் என்பது டிராமுக்கு வேண்டாத விஷயம்; தண்டவாளம் போகிற இடத்துக்கு அவன் போனால் போதும். அந்த ஞானத்தைப் பென்ஷனோடு சேர்த்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முள்கரண்டி கேட்டால், "கை கழுவிட்டீங்களா?" என்பார். ஆமாம் என்றால், "அப்ப கையிலயே அஞ்சு இருக்கே, எதுக்கு இன்னொண்ணு?" தனித்தட்டு கேட்டால், "ஏன், உங்களுக்குள்ள ஏதாவது கேஸ் நடக்குதா?" பார்சல் என்று யாராவது சொன்னால் மட்டும் பதிலே வராது. இழவு வீட்டில் வந்து பாயசம் கேட்டவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம், தட்டைத் திருப்பக் கூடாது என்பது. ஒரு மேசைக்கு ஒரே தட்டு. அதன் மேல் இஞ்செரா என்கிற பெரிய புளிப்புத் தோசையை விரித்து, கறி, பருப்பு, கீரை எல்லாம் குவியல் குவியலாக வைத்து வரும். அவரவர் பக்கம் இருப்பதை அவரவர் சாப்பிட வேண்டும். ஒருநாள் புதிதாகப் பழக ஆரம்பித்த ஜோடி ஒன்று வந்தது. பையன் பக்கம் கீரை விழுந்துவிட்டது. அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தட்டை நைசாகத் திருப்பினான். கல்லாவிலிருந்து ஒக்பாய் எழுந்து வந்துவிட்டார். "இது என்ன தம்பி, ராட்டினமா? உன் பக்கம் விழுந்தது உன் பங்கு. கீரை விழுந்தா கீரை. நாளைக்குக் கல்யாணமும் அப்படித்தான்." அந்த ஜோடி அப்புறம் வரவில்லை. இரண்டு பேருமே வந்தார்கள், வேறு வேறு ஜோடியாக, என்று அப்ரெஹெத் சொல்வாள்.

இந்தக் கடைக்குள் கால் வைத்தவன் எவனும் சாப்பிடாமல் வெளியே போனதில்லை என்பது அவருடைய பத்தொன்பது வருடப் பெருமை. சுகாதாரம் பார்க்க வந்த அதிகாரியம்மாள் குறிப்பேட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கடலைமாவு ஷிரோ சாப்பிட்டாள். முகவரி தப்பி மெத்தை கொண்டுவந்த ஆள் மெத்தையை வாசலில் சாய்த்துவிட்டுக் கறி சாப்பிட்டான். சாப்பாட்டுக்கு அப்புறம் முறைப்படி ஊற்றுகிற மூன்று சுற்றுக் காப்பியும் முடிகிறவரை அவனை விடவில்லை. மெத்தை வாங்கியவர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். தயங்குகிறவர்களுக்கு ஒக்பாயே இஞ்செராவைக் கிழித்து, குழம்பில் அழுத்தி, உருட்டி வாயருகே நீட்டுவார். நீட்டின கையை மடக்குகிற வழக்கம் எரித்திரியாக்காரர்களிடம் கிடையாது. வாங்கித்தான் ஆக வேண்டும். அதுவும் ஒரு வாயோடு போகாது. "ஒரு வாயோட நிறுத்துனா பகைங்க. ரெண்டாவது வாய்தான் உறவு" என்று அடுத்ததை உருட்டிக்கொண்டிருப்பார்.

அவருடைய கைக்கு இதுவரை அகப்படாத வாய் ஒன்றே ஒன்று. எதிர்க்கடை அஸ்மெரோமின் வாய். இருவரும் ஒரே டிராம் டிப்போவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். ஒரே வருடம் எதிரெதிரே கடை போட்டார்கள். அஸ்மெரோம் கடையில் முள்கரண்டி உண்டு, காகிதத்தில் சுற்றி ரிப்பன் மாதிரிக் கட்டியிருக்கும். தனித்தட்டு உண்டு. பார்சல் வாங்க சைக்கிள்காரப் பையன்கள் நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். "அங்க சாப்பாடா போடுறான்? தபாலாபீஸ் நடத்துறான்" என்று ஒக்பாய் தம்முடைய காலி மேசைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார். தினம் காலையில் இருவரும் ஷட்டரைத் தூக்கும்போது தெருவுக்குக் குறுக்கே ஒரு தலையாட்டல் நடக்கும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஒருவர் கடையில் மற்றவர் கை நனைத்ததும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, கடை திறக்கும் முன், ஒக்பாய் குடும்பம் சாப்பிடும். அவர், அப்ரெஹெத், மகள் செனாய்த். செனாய்த்துக்கு முப்பத்தொன்று. பிசியோதெரபி படித்துவிட்டுப் பிறத்தியார் முழங்காலை நீவிக்கொண்டு தனி வீட்டில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் வந்துவிடுவாள். அன்றைக்குக் கோழிக்குழம்பு. எத்தனை பேர் உட்கார்ந்தாலும் தட்டுக்கு ஒரு முட்டைதான். ரெண்டு வைத்தால் தட்டு ரெண்டாகிவிடும் என்பது ஒக்பாயின் தத்துவம். தட்டைக் கொண்டுவந்து வைப்பதும் அவர்தான். கண்ணை மூடிக்கொண்டு வைப்பதாகத்தான் சொல்வார். முட்டை மட்டும், கடை வருவதற்கு முன்னாலிருந்தே, முப்பது வருடமாக எப்படியோ செனாய்த் பக்கமே விழுந்துகொண்டிருக்கிறது. "அவ ராசி" என்பார்.

அந்த ராசிக்காரியைப் பெண் கேட்டு வருகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்பதையும் அவர் வருடக்கணக்காக எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். "எங்க மாமனாரு என் ஆளுங்களை நாலு தடவை நடக்க விட்டாரு. நான் நல்லவன், மூணு தடவையோட விட்டுடுவேன். முத தடவையே தலையாட்டுறவன் பொண்ணைப் பெத்தவனா, பாரத்தைச் சுமந்தவனா?" செனாய்த்துக்கும் ஃபில்மோன் என்கிற பையனுக்கும் பழக்கம் என்பது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். பையன் நன்றாகச் சாப்பிடுவான், மூன்றாவது காப்பிவரை எழுந்திருக்க மாட்டான், குறை சொல்ல இடமில்லை. வகையறாதான் சரியில்லை. அஸ்மெரோமின் அண்ணன் மகன் அவன்.

வியாழக்கிழமை மாவு கரைத்துக்கொண்டே அப்ரெஹெத் சொன்னாள், "செனாய்த் அப்பா, ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்கு மூணு பேரு வர்றாங்க. ஃபில்மோன் விஷயமா…"

"மூணு பேரா? ஜன்னல் மேசை போட்டுடறேன்" என்று ஒக்பாய் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரிடம் யார் என்ன சொன்னாலும் அதில் தலை எண்ணிக்கை மட்டும்தான் காதில் ஏறும்.

ஞாயிறு ஒரு மணிக்குக் கதவு திறந்தது. அஸ்மெரோம் நின்றுகொண்டிருந்தார். சர்ச்சிலிருந்து நேராக வந்த கோலம், தோளில் வெள்ளைச் சால்வை. பின்னால் அதேபோல் சால்வையோடு இரண்டு வயதானவர்கள். ஒக்பாய்க்கு முதலில் கண்ணை நம்ப முடியவில்லை. பிறகு நம்பினார். நம்பியதும் ஆள் ஒரு சாண் உயர்ந்துவிட்டார்.

"வாய்யா, வா. பத்தொன்பது வருஷம் கழிச்சு ரோட்டைத் தாண்ட வழி தெரிஞ்சுதா?" என்றார், எட்டு மேசைக்கும் கேட்கும்படி. "என்ன, உன் கடைச் சாப்பாடு உனக்கே ஒத்துக்கலியா? உக்காரு. முள்கரண்டி கிடையாது, சொல்லிட்டேன்."

அஸ்மெரோம் வாயைத் திறப்பதற்குள் ஒக்பாய் சமையலறைக்குப் போய்த் திரும்பிவிட்டார். கடையிலேயே பெரிய தட்டு. காரக்கறி, கோழிக்குழம்பு, கீரை, பருப்பு, நடுவில் வெண்ணெய். ஜன்னல் மேசையில் அதை இறக்கியபோது முட்டை அஸ்மெரோம் பக்கம் பார்த்து உட்கார்ந்தது. விருந்தாளிக்கு விருந்தாளி, பகையாளிக்குப் பகையாளி. ஒரு முட்டையில் இரண்டு கணக்கும் தீர்ந்துவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

மூன்று பேரும் உட்காரவில்லை.

"நின்னுக்கிட்டுச் சாப்பிட இது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்றார் ஒக்பாய்.

"உக்கார வரலீங்க. கேக்க வந்திருக்கோம்" என்றார் அஸ்மெரோம்.

டிப்போ பெஞ்சில் 'அடேய்' என்று கூப்பிட்ட வாயிலிருந்து 'ங்க' வந்ததும் ஒக்பாய்க்கு என்னவோ உறைத்தது. திரும்பிப் பார்த்தார். சமையலறை வாசலில் அப்ரெஹெத் நின்றாள். வேலைநாளில் கட்டாத கரைபோட்ட வெள்ளை உடுப்பு. மூலையில் காப்பிக்கொட்டை வறுக்கிற முக்காலியில் செனாய்த், தலையைத் தூக்கவே இல்லை. தம்மைத் தவிர ஊருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

அஸ்மெரோம் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "எங்க அண்ணன் உயிரோட இல்ல. அவர் இடத்துல நின்னு கேக்குறேன். உங்க மகளை எங்களுக்கு மகளாக் குடுங்க. எங்க ஃபில்மோனை உங்களுக்கு மகனா எடுத்துக்குங்க. நல்ல வார்த்தை வர்ற வரைக்கும் நாங்க இங்க கை நனைக்க மாட்டோம். அது உங்களுக்கே தெரியும்."

தெரியும். பெண் கேட்டு வந்தவர்கள் சம்மதம் கிடைக்காமல் பச்சைத் தண்ணீர் தொடமாட்டார்கள். முதல் தடவையே சம்மதம் சொல்லுகிற தகப்பனும் கிடையாது. ஆகவே முதல் தடவை வருகிறவர்கள் முன்னால் எவனும் தட்டு வைக்க மாட்டான். வைத்த முதல் மனிதர் ஒக்பாய்தான்.

"ஒரு நிமிஷம்" என்று சமையலறைக்குள் போனார். அப்ரெஹெத் பின்னாலேயே வந்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வியாழக்கிழமை சொன்னேன். நீங்க மேசை துடைக்கப் போயிட்டீங்க."

"இவனா வரணும்? ஊருல வேற பெரிய மனுஷனே இல்லியா?"

"பையனோட சித்தப்பா அவர்தான். உங்களுக்குப் பிடிக்கலேன்னு இனிமே புதுசா ஒரு சித்தப்பாவைப் பெத்தா குடுப்பாங்க?"

"முத தடவையே சரின்னுட்டா என்ன நெனைப்பான்? வியாபாரம் இல்ல, பொண்ணைத் தள்ளிவிட்டுட்டான்னு தெருவெல்லாம் சொல்லுவான். உங்கப்பா என் ஆளுங்களை நாலு தடவை…"

"நாலு தடவை நடக்க விட்டாரு. என்ன புண்ணியம்? நாலாவது தடவையும் மாப்பிள்ளை நீங்கதான்." அப்ரெஹெத் கையைத் துடைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாருங்க. பையனுக்கு டார்வின்ல வேலை கெடைச்சிருக்கு. மாசக் கடைசியில போறான். இவளும் போறா. போறாளா இல்லியாங்கறது இன்னைக்குக் கேள்வியே இல்ல. நம்ம வாழ்த்தோட போறாளா, சொல்லாமப் போறாளாங்கறதுதான் கேள்வி."

டார்வின். டிராம் தண்டவாளம் போகாத ஊர் அவருக்கு ஊரே இல்லை. நாட்டின் வடகோடி, விமானத்திலேயே நாலு மணிநேரம். ஞாயிறு பதினோரு மணிக்குத் தட்டில் இனி இரண்டே பக்கம் இருக்கும். மூன்றாவது பக்கத்துக் கோழிக்குழம்பு ஆறி இஞ்செராவில் ஊறிக் கிடக்கும். முட்டையை யார் பக்கம் வைப்பது? அவருக்கு அழுகை வந்தது. அதை வெங்காயத்தின் மேல் போட வசதியாக வெட்டின வெங்காயம் பக்கத்திலேயே இருந்தது.

வெளியே வந்தபோது முகம் டிராம் ஓட்டுகிற முகமாக இருந்தது. "வந்ததுல சந்தோஷம். சொந்தபந்தங்களைக் கலந்துக்கணும். இன்னொரு நாள் வாங்க" என்றார். கலந்துகொள்ள வேண்டிய சொந்தபந்தம் என்பது எரித்திரியாவில் மெந்தெஃபெராவில் இருக்கும் ஒரே அண்ணன். அவரோடு பேச்சை நிறுத்தி எட்டு வருடமாகிறது. ஆனாலும் வாக்கியம் சுத்தமாக, மாமனார் சொன்ன மாதிரியே வந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"ஆகட்டுங்க. வழக்கம் எங்களுக்கும் தெரியும்" என்றார் அஸ்மெரோம். ஒரே ஒரு தடவை தட்டைப் பார்த்தார். அவரும் கடைக்காரர்தானே, அப்ரெஹெத்தின் குழம்பு எப்படிப்பட்டது என்பதை மூக்கே சொல்லியிருக்கும். தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. பிறகு மூவரும் கதவைப் பார்த்து நடந்தார்கள்.

மூலையில் செனாய்த் பாதி வறுபட்ட காப்பிக்கொட்டையை அடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால்கூட ஒக்பாய் தாங்கியிருப்பார். காப்பியைப் பாதியில் இறக்குவது என்றால் இந்த வீட்டில் இனி உட்கார ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவள் கைப்பையைத் தேடினாள்.

அஸ்மெரோமின் கை கதவுப் பிடியில் இருந்தது. ஜன்னல் மேசையில் தட்டு, ஒரு விரல் படாமல், ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"நில்லுங்க" என்றார் ஒக்பாய்.

மேசைக்குப் போனார். ஒரு துண்டு இஞ்செராவைக் கிழித்தார், கறியில் அழுத்தினார், உருட்டினார், மூன்று எட்டில் கதவருகே போய் அஸ்மெரோமின் வாய்க்கு நேராக நீட்டினார்.

"பதில் வேற, சாப்பாடு வேற. பதிலை இன்னொரு நாள் வாங்கிக்கோ. இதை இப்ப வாங்கு."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டு அஸ்மெரோம் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. மடக்க முடியாது, அது வழக்கம். வாங்க முடியாது, அதுவும் வழக்கம். சிவந்த எண்ணெய் விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டைத் தாண்டி ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்குள் இறங்கியது. மற்ற ஏழு மேசையிலும் மெல்லுவது நின்றுபோயிற்று.

"அவருக்கு வேணாம்னா இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றார் மூன்றாம் மேசை டாக்சிக்காரர்.

"உங்களுக்கு இல்ல" என்றார் ஒக்பாய், திரும்பாமலே.

"செனாய்த் அப்பா, கை வலிக்கப்போவுது" என்றாள் அப்ரெஹெத். இரக்கத்தோடு சொன்ன மாதிரித் தெரியவில்லை.

ஒக்பாய் அஸ்மெரோமைப் பார்த்தார். அவர் தோளுக்கு மேலே எதிர்க்கடையின் முள்கரண்டிப் படம் போட்ட பலகை தெரிந்தது. ஓரக்கண்ணில் மகள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுப்பருகே நின்றபடி. பத்தொன்பது வருடம், மூன்று தடவை, மாமனார் எல்லாம் ஒரு பக்கம்; அந்தப் பை ஒரு பக்கம்.

"அட, வாயைத் திறய்யா" என்றார். "சம்பந்தி."

அஸ்மெரோம் வாயைத் திறந்தார்.

அவர் முதல் கவளத்தை விழுங்குவதற்குள் ஒக்பாய் இரண்டாவதை உருட்டி வைத்திருந்தார். பின்னால் நின்ற பெரியவர்கள் இருவரும் கேட்காமலே வாயைத் திறந்துகொண்டு வரிசையில் வந்தார்கள். காப்பிச் சட்டி மறுபடி அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது. அப்ரெஹெத் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். செனாய்த்தின் கண் நனைந்திருந்தது, அவளுக்கு வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

"மூணு தடவை நடக்க விடுவேன்னு ஊரெல்லாம் சொன்னியாமே" என்றார் அஸ்மெரோம், மென்றுகொண்டே.

"நடந்தேனே. மேசையிலேருந்து கதவு வரைக்கும் மூணு எட்டு" என்றார் ஒக்பாய்.

"குழம்பு பரவாயில்ல."

"பார்சல் கிடையாது."

அஸ்மெரோம் சிரித்துக்கொண்டே புதிதாக ஒரு துண்டு இஞ்செராவைக் கிழித்தார். விரல்கள் தம் பக்கத்துக் கோழிக்குழம்பின் மேல் போயின. முட்டை அங்கேதான், அவருக்கு நேரே, குழம்பில் பாதி முங்கி இருந்தது. முறைப்படி அவர் பங்கு. ஒக்பாய் ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்தபடி, "டார்வின்ல ஆத்துல முதலை இருக்காமே, குளிக்கப் போறவங்க பாத்துப் போகணும்" என்று யாரிடமோ பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே தட்டின் விளிம்பில் இரண்டு விரலை வைத்து, மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல், அதைத் திருப்பினார். முட்டை செனாய்த்தின் பக்கம் வந்து நின்ற பிறகுதான் விரலை எடுத்தார்.